உயிர் காத்த குண்டு

குண்டு என்றதும் உங்களுக்கு என்ன நினைவு வருகிறது? இடிந்த கட்டடங்களும் கரும்புகையும் அலறி ஓடும் மக்களும்தான், அல்லவா? 1951-ஆம் ஆண்டு கனடா நாட்டுச் செய்தித்தாள்கள் ஒரு புதிய குண்டைப் பற்றி எழுதின. 'கோபால்ட் குண்டு' என்பது அவை அதற்கு இட்ட பெயர். ஹிரோஷிமாவும் நாகசாகியும் அழிந்து அப்போது ஆறே ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன. அணு என்ற சொல்லைக் கேட்டாலே மக்கள் நடுங்கிய காலம் அது.

ஆனால் இந்தக் குண்டு வெடிக்காது. எஃகு உருளை ஒன்றில் ஈயத்தை நிரப்பிச் செய்த, ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள தலைப்பகுதி. அதற்குள்ளே ஒரு சக்கரம். சக்கரத்தின் விளிம்பில் ஓர் அங்குல விட்டமுள்ள மெல்லிய கோபால்ட் வில்லைகளின் அடுக்கு. நோயாளி இதன் கீழே படுத்துக்கொள்வார். சக்கரம் சுழன்று வில்லைகள் துவாரத்துக்கு நேராக வந்து நிற்கும். சத்தம் இல்லை, ஒளி இல்லை, சூடு இல்லை. சில நிமிடங்கள் கழித்துச் சக்கரம் திரும்பச் சுழலும். நோயாளி எழுந்து நடந்து போவார். அவ்வளவுதான்!

இந்தக் கருவியைச் செய்தது பெரிய தொழிற்சாலை எதுவும் அன்று. ஒரு பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியரும், உங்களைவிட ஏழெட்டு வயதே மூத்த அவருடைய மாணவர்களும், உள்ளூர் எந்திரப் பட்டறை ஒன்றும் சேர்ந்து செய்தார்கள்.

உலகப் படத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கனடாவின் நடுவே, அமெரிக்க எல்லையை ஒட்டி, நான்கு கோடுகளால் கட்டம் போட்டது போன்ற ஒரு மாநிலம் தெரிகிறதா? அதுதான் சாஸ்கச்சுவான். பரப்பில் நம் தமிழ்நாட்டைப்போல் ஐந்து மடங்கு. ஆனால் 1951-ல் அங்கே வாழ்ந்தவர்கள் எட்டு லட்சத்துச் சொச்சம் பேர்தாம். எங்கு பார்த்தாலும் கோதுமை வயல். குளிர்காலத்தில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே முப்பது டிகிரி வரை இறங்கும். அப்படிப்பட்ட இடத்தில், சாஸ்கட்டூன் என்ற ஊரில், மாநிலப் பல்கலைக்கழகம் இருந்தது.

செல்வம் கொழிக்கும் மாநிலமும் அன்று அது. ஆயினும் புற்றுநோய் விஷயத்தில் அதற்கு ஒரு பெருமை உண்டு. 1930-லேயே புற்றுநோய்க்கென ஓர் ஆணையம் அமைத்தது. 1944-ல் புற்றுநோய்ச் சிகிச்சை அனைவருக்கும் இலவசம் என்று சட்டம் செய்தது. இந்த ஆணையமும் பல்கலைக்கழகமும் சேர்ந்து 1945-ல் ஒருவரைப் பணிக்கு அழைத்து வந்தன. ஹெரால்டு ஜான்ஸ் என்பது அவர் பெயர். சீனாவில் பிறந்து கனடாவில் படித்தவர். அப்போது வயது முப்பது. வகுப்பில் இயற்பியல் சொல்லிக்கொடுக்க வேண்டும். மருத்துவர்களுக்குக் கதிர்வீச்சு பற்றி ஆலோசனை கூறவும் வேண்டும். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று கேலி பேசுவோமே, அப்படி ஆகிவிடாமல் இரண்டு காலையும் இரண்டு இடத்திலும் நன்றாக ஊன்றி நின்றவர் அவர். 1948-ல் பீட்டாட்ரான் என்னும் துகள் முடுக்கியை அந்தப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுவந்து, அதைக்கொண்டும் நோயாளிகளுக்குச் சிகிச்சை நடக்கச் செய்தார்.

இவரிடம் படிக்க வந்த மாணவர்களில் ஒருத்தி சில்வியா ஃபெடோருக். 1927-ல் பிறந்தவள். உக்ரைனிலிருந்து குடியேறிய குடும்பம். அவள் தொடக்கக் கல்வி பெற்றது ஒரே ஓர் அறை கொண்ட கிராமப் பள்ளியில். ஆசிரியர் வேறு யாருமல்லர், அவள் தந்தையே! எல்லா வகுப்புப் பிள்ளைகளும் ஒரே அறையில். (வீட்டிலும் ஆசிரியர், பள்ளியிலும் ஆசிரியர் என்றால் அந்தப் பெண்ணின் பாடு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.) 1949-ல் பட்டம் பெற்றபோது தங்கப் பதக்கமும் பெற்றாள். ஆனால் எந்நேரமும் புத்தகத்தைக் கட்டிக்கொண்டு அழுதவள் என்று நினைத்துவிடாதீர்கள். கூடைப்பந்து, கைப்பந்து, ஓட்டம் என்று பல்கலைக்கழகக் குழுக்களில் ஆடிக் கோப்பைகளும் வாங்கினாள். பட்டம் முடித்ததும் ஜான்ஸிடம் முதுகலை ஆய்வு மாணவியாகச் சேர்ந்தாள். லாயிட் பேட்ஸ், எட் எப் ஆகியோரும் அந்தக் குழுவில் இருந்தனர்.

அவர்கள் முன் இருந்த சிக்கல் என்ன?

புற்றுநோய்க் கட்டியைக் கதிர்வீச்சால் அழிக்கலாம் என்பது அன்றைக்கே பழைய செய்தி. கதிர், செல்லின் உள்ளே மரபுப் பொருளான டி.என்.ஏ. இழையை அறுக்கிறது. இழை அறுந்த புற்றுச் செல் மேற்கொண்டு பெருக முடியாமல் மடிகிறது. நல்ல செல்லும் அடிபடத்தான் செய்கிறது. ஆனால் அதற்குத் தன்னைச் செப்பனிட்டுக்கொள்ளும் திறன் சற்று அதிகம். அதனால்தான் சிகிச்சையை ஒரே நாளில் கொடுக்காமல் சிறுசிறு பங்காகப் பல வாரங்களுக்குக் கொடுக்கிறார்கள்.

தோலில் உள்ள கட்டி என்றால் கவலை இல்லை. உடலின் ஆழத்தில் இருந்தால்? அக்கால மருத்துவமனைகளில் இருந்தவை பெரும்பாலும் இரண்டு லட்சம், நான்கு லட்சம் வோல்ட்டில் ஓடும் எக்ஸ்-ரே எந்திரங்கள். இரண்டு லட்சம் வோல்ட் கதிர் பத்து சென்டிமீட்டர் ஆழம் போவதற்குள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகத் தேய்ந்துவிடும். அப்படியானால், ஆழத்தில் இருக்கும் கட்டிக்கு 100 பங்கு கதிர் சேர வேண்டுமென்றால் மேலே இருக்கும் தோல் 300 பங்கைத் தாங்க வேண்டும்! பல திசைகளிலிருந்து மாற்றி மாற்றிச் செலுத்தினாலும் தோல் வெந்து புண்ணாகிவிடும். கட்டி சாவதற்கு முன் தோல் தோற்றுவிடும். மருத்துவர் சிகிச்சையைப் பாதியில் நிறுத்துவார். அடியில் கட்டி மறுபடியும் வளரும்.

ரேடியம் தரும் காமாக் கதிர் ஆழமாகப் பாயும். ஆனால் அதன் விலை? 1921-ல் அமெரிக்கப் பெண்கள் நிதி திரட்டி மேரி கியூரிக்கு ஒரு கிராம் ரேடியம் பரிசளித்தார்கள். அந்த ஒரு கிராமின் விலை ஒரு லட்சம் டாலர். நமக்கு வேண்டிய வலிமைக்கு ஒன்றரைக் கிலோ வேண்டும். யாரால் முடியும்?

இங்கேதான் கோபால்ட் வருகிறது. நீலக் கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் நிறமூட்டப் பயன்படுகிறதே, அதே உலோகம். இயற்கையில் கிடைக்கும் கோபால்ட்-59 கதிரியக்கம் அற்றது. அதை அணு உலையில் வைத்தால் ஒரு நியூட்ரானை விழுங்கிக் கோபால்ட்-60 ஆகிறது. இது நிலையற்றது, எலக்ட்ரான் ஒன்றை உமிழ்ந்து நிக்கலாக மாறும்போது 11.7 லட்சம், 13.3 லட்சம் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள இரண்டு காமாக் கதிர்களை வெளிவிடுகிறது. கனடாவில் சாக் ரிவர் என்னுமிடத்தில் 1947-ல் வலிமை மிக்க அணு உலை ஒன்று இயங்கத் தொடங்கியிருந்தது. ஜான்ஸ் விண்ணப்பம் அனுப்பினார். 1949-ல் கோபால்ட் வில்லைகள் உலைக்குள் வைக்கப்பட்டன.

கோபால்ட் கதிரின் பெரிய நன்மை ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். அதன் உச்ச வேகம் தோலின் மேல் விழுவதில்லை. அரை சென்டிமீட்டர் உள்ளே போய்த்தான் விழுகிறது. ஏன் இப்படி?

பேருந்து நிலையத்திலிருந்து புறப்படும் டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். புறப்படும்போது ஆள் குறைவு. முதல் நிறுத்தத்தில் சிலர் ஏறுவர். அடுத்த நிறுத்தத்தில் இன்னும் சிலர். இறங்குவோர் எவரும் இல்லை. நாலைந்து நிறுத்தம் போனபின்தான் கூட்டம் நெரியும். அதன் பிறகு ஏறுவோரும் இறங்குவோரும் சமமாகி, மெல்ல மெல்லக் கூட்டம் குறையும். காமாக் கதிர் உடலில் நுழையும்போது நடப்பதும் இதுதான். அது திசுக்களிலிருந்து எலக்ட்ரான்களைத் தட்டிவிடுகிறது. அவை பெரும்பாலும் முன்னோக்கியே ஓடுகின்றன. உண்மையில் செல்களைத் தாக்குபவை இந்த எலக்ட்ரான்களே. தோலின் மேற்பரப்பு முதல் நிறுத்தம். அங்கே எலக்ட்ரான் கூட்டம் குறைவு. ஐந்து மில்லிமீட்டர் ஆழத்தில்தான் நெரிசல். தோல் தப்பித்துக்கொள்கிறது! பத்து சென்டிமீட்டர் ஆழத்திலும் உச்ச அளவில் பாதிக்குச் சற்று மேல் மிஞ்சுகிறது.

1951 ஜூலை இறுதியில் ஆயிரம் கியூரி வலிமையுள்ள கோபால்ட் சாஸ்கட்டூனுக்கு வந்து சேர்ந்தது. ஜான்ஸும் பேட்ஸும் வடிவமைத்த கருவியை அவ்வூர்ப் பட்டறை உரிமையாளர் ஜான் மெக்கே செய்து கொடுத்திருந்தார். கட்டி முடியாத பல்கலைக்கழக மருத்துவமனையின் ஓர் அறையில் ஆகஸ்டில் அது பொருத்தப்பட்டது. நோயாளிகள் காத்திருந்தார்கள். இனி என்ன, தொடங்க வேண்டியதுதானே?

தொடங்கவில்லை. எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

மருந்துக் கடையில் ஒரு புதிய மருந்துப் புட்டி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்து நல்லது, ஆனால் ஒரு கரண்டியில் எத்தனை மில்லிகிராம் என்று புட்டியின்மேல் எழுதவில்லை. நீங்கள் குடிப்பீர்களா? கோபால்ட் கருவியும் அப்படித்தான் வந்து நின்றது. ஒரு நிமிடத்தில் தோலுக்கடியில் எவ்வளவு கதிர்? ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் எவ்வளவு? பத்தில்? துவாரத்தைப் பெரிதாக்கினால் எவ்வளவு கூடும்? கற்றையின் நடுவில் எவ்வளவு, ஓரத்தில் எவ்வளவு? குறைந்தால் கட்டி மிஞ்சும். கூடினால் நல்ல திசு அழுகும். கதிர்வீச்சு அளவு ஐந்து விழுக்காட்டுக்குமேல் பிசகக் கூடாது என்பது பிற்காலத்தில் உலக அளவில் ஏற்கப்பட்ட விதி. நூற்றுக்கு ஐந்து! உங்கள் ஆய்வுக்கூடச் சோதனைகளில் நூற்றுக்கு ஐந்துக்குள் விடை வருகிறதா என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

இந்த அளவைகள்தாம் சில்வியாவின் வேலை.

மனித உடலுக்குள் அளவுகோலை விட முடியாது. ஆனால் உடலில் பெரும்பகுதி நீர்தானே? ஆகவே ஒரு தொட்டி நிறையத் தண்ணீரை நோயாளியாகப் பாவித்தார்கள். அதற்குள் அயனி அறை என்னும் சிறு கருவியை இறக்குவார்கள். அதனுள்ளே சிறிதளவு காற்று, ஒரு மின்முனை. கதிர் பட்டதும் காற்றில் மின்னூட்டம் பெற்ற துகள்கள் தோன்றும். அவற்றைத் திரட்டி அளந்தால் கதிரின் அளவு தெரிந்துவிடும்.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. செய்து பார்த்தால்தான் தெரியும். அயனி அறையை ஓரிடத்தில் வைக்க வேண்டும். எல்லோரும் வெளியே வந்து கனத்த சுவருக்குப் பின்னால் நிற்க வேண்டும். சக்கரத்தைச் சுழற்ற வேண்டும். அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். சக்கரத்தைத் திருப்ப வேண்டும். உள்ளே போய் அயனி அறையைச் சிறிது நகர்த்த வேண்டும். மறுபடியும் வெளியே. ஒரு துவார அளவுக்கு இப்படி ஆழத்தில் பல இடங்கள், பக்கவாட்டில் பல இடங்கள். அடுத்த துவார அளவுக்கு எல்லாம் முதலிலிருந்து. சந்தேகமான இடத்தில் திரும்பத் திரும்ப. கணிப்பொறி இல்லாத காலம். பெருக்கலும் வகுத்தலும் கையால், வரைபடம் வரைவதும் கையால்.

ஒரு சிறு கணக்கு. கோபால்டிலிருந்து 80 சென்டிமீட்டர் தொலைவில் அளப்பதாகக் கொள்வோம். அளவுகோலை வைத்தவர் கவனக்குறைவாக ஒரே ஒரு சென்டிமீட்டர் தள்ளி 81-ல் வைத்துவிட்டார். தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் கதிர் குறையும் என்று நீங்கள் படித்திருக்கிறீர்கள். 81-ஐ 80-ஆல் வகுத்து இருமடியாக்குங்கள்: 1.025. அனுமதித்த ஐந்து விழுக்காட்டில் பாதி, ஒரு சென்டிமீட்டரில் போய்விட்டது!

ஆகஸ்ட் போயிற்று. செப்டம்பர் போயிற்று. அக்டோபரும் போய்க்கொண்டிருந்தது.

இதற்கிடையில் இன்னொரு செய்தி. சாக் ரிவர் உலையிலிருந்து சாஸ்கட்டூனுக்குப் பின்னரே வேறொரு கோபால்ட் மூலம் லண்டன் நகர மருத்துவமனைக்குப் போயிருந்தது. (இங்கிலாந்தின் லண்டன் அன்று, கனடாவிலும் ஒரு லண்டன் இருக்கிறது. தேர்வில் எழுதும்போது குழப்பிவிடாதீர்கள்.) அங்கே எல்டொராடோ என்ற நிறுவனம் செய்த கருவியைக்கொண்டு அக்டோபர் 27-ஆம் தேதி முதல் நோயாளிக்குச் சிகிச்சை அளித்துவிட்டார்கள். உலகிலேயே முதன்முதல் என்ற பெயர் அவர்களுக்குப் போயிற்று. மூன்று மாதம் முன்னதாகவே கோபால்டைக் கையில் வைத்திருந்த ஜான்ஸின் குழு பன்னிரண்டே நாளில் அந்தப் பெயரைத் தவறவிட்டது.

நவம்பர் 8. சாஸ்கட்டூன் கருவியின் கீழே முதல் நோயாளி படுத்தார். வயது 43, நான்கு பிள்ளைகளின் தாய். கருப்பை வாயில் புற்றுநோய், உடலின் ஆழத்தில். எத்தனை நிமிடம் கதிர் செலுத்தினால் அந்த ஆழத்தில் எவ்வளவு சேரும் என்பதற்கான எண்கள் தயாராக இருந்தன. அந்தப் பெண்மணி குணமடைந்தார். தொண்ணூறு வயதுவரை வாழ்ந்தார்.

அந்த ஆண்டு டிசம்பரில் 'நேச்சர்' இதழில் ஆயிரம் கியூரிக் கருவிகளைப் பற்றிய சிறு கட்டுரை வெளிவந்தது. எழுதியோர் வரிசையில் ஜான்ஸ், பேட்ஸ், எப், ஃபெடோருக் என்று பேராசிரியர் பெயரும் மாணவர் பெயர்களும் சேர்ந்தே இருந்தன. அந்தக் கருவி 1972 வரை உழைத்து 6,728 நோயாளிகளுக்குச் சிகிச்சை தந்தது.

சில்வியா என்ன ஆனார் என்று கேட்பீர்கள். அதே ஊர்ப் புற்றுநோய் மருத்துவமனையில் இயற்பியலாளராகவே பணி செய்தார். விளையாட்டையும் விடவில்லை. பனித்தரையில் இருபது கிலோ கனமுள்ள வழுவழுப்பான கருங்கல்லைத் தள்ளி இலக்கில் நிறுத்தும் 'கர்லிங்' என்ற ஆட்டம் கனடாவில் பிரபலம். 1961-ல் மகளிருக்கான முதல் தேசியப் போட்டியில் வென்ற அணியில் அவர் இருந்தார். 1973-ல் கனடாவின் அணுசக்திக் கட்டுப்பாட்டு வாரியத்தில் முதல் பெண் உறுப்பினரானார். 1988 முதல் 1994 வரை சாஸ்கச்சுவான் மாநிலத்தின் துணைநிலை ஆளுநர். 2012-ல் காலமானார்.

கோபால்ட் கருவிகள் கனடாவிலிருந்து பல நாடுகளுக்குப் போயின. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் தோன்றிய சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கும் அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியிலேயே கனடா நாட்டுக் கோபால்ட் கருவி ஒன்று வந்தது. இப்போது பெரிய மருத்துவமனைகளில் நேரியல் முடுக்கிகள் அந்த இடத்தைப் பிடித்துவிட்டன. ஆனால் மின்தடைக்கு அஞ்சாத கோபால்ட் கருவிகள் இன்றும் பல நாடுகளில் வேலை செய்கின்றன. பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கிய 'பாபாட்ரான்' அந்த வகைதான்.

இயற்பியல் படித்தால் ஆசிரியர் வேலைதான் கிடைக்கும் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருக்கலாம். மருத்துவ இயற்பியல் என்று ஒரு முதுகலைப் படிப்பு உண்டு; சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்திலும் உண்டு. இத்துறை மாணவர்களின் பொழுது சற்று விந்தையானது. பகலில் கருவிகளில் நோயாளிகள் வரிசையாக வருவார்கள். கடைசி நோயாளி போன பிறகுதான் கருவி மாணவர் கைக்கு வரும். அப்போது அவர்கள் தள்ளிக்கொண்டு வருவது என்ன தெரியுமா? தண்ணீர்த் தொட்டி! அதற்குள் இறக்குவது அதே அயனி அறை. இப்போது அதை நகர்த்துவது மோட்டார், கணக்குப் போடுவது கணிப்பொறி. ஆனால் தண்ணீர் மட்டம் சரியாக இருக்கிறதா, அயனி அறை நடுக்கோட்டில் நிற்கிறதா என்று குனிந்து பார்ப்பது இன்றும் மாணவரின் கண்தான். அறை வெப்பநிலையையும் காற்றழுத்தத்தையும் குறிப்பேட்டில் எழுத மறந்தால் அன்றைய உழைப்பு வீண். காற்றின் அடர்த்தி மாறினால் அயனி அறையின் விடையும் மாறிவிடும்.

வீட்டில் செய்து பார்க்க ஒரு சோதனை. சிறிய டார்ச் பல்பு ஒன்றைக் கண்ணாடிக் குவியாடி இல்லாமல் எரிய விடுங்கள். அட்டை ஒன்றில் ஒரு சென்டிமீட்டர் சதுரத் துளை வெட்டி, பல்பிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி நிறுத்துங்கள். வரைபடத் தாளை 20 சென்டிமீட்டரில் வைத்து ஒளி விழும் கட்டங்களை எண்ணுங்கள். பிறகு 30-ல், 40-ல் வைத்து எண்ணுங்கள். எண்கள் எப்படிக் கூடுகின்றன?

இன்னொன்று கணக்கு. கோபால்ட்-60-இன் அரை ஆயுட்காலம் 5.27 ஆண்டுகள். அதாவது மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு விழுக்காடு வலிமை குறைகிறது. அதற்கேற்பச் சிகிச்சை நேரத்தை மாதந்தோறும் கூட்டியாக வேண்டும். 1951-ல் சாஸ்கட்டூனுக்கு வந்த ஆயிரம் கியூரியை யாரும் தொடாமல் அப்படியே வைத்திருந்ததாகக் கொள்ளுங்கள். பத்து அரை ஆயுள் கழிந்து 2004-ல் எத்தனை கியூரி மிஞ்சியிருக்கும்? தாளை எடுத்துப் போட்டுப் பாருங்கள். விடை ஏறத்தாழ ஒரு முழு எண்ணாக வரும்.